லெ மோர்ன் "கடலடி அருவி" நிஜமா? வெள்ளை மணல், கருப்புக் கல், நீலக் கடல்

கேள்வி (வாசகர் ஒருத்தர், மொரீஷியஸ் வாக்வாவிலிருந்து), பிப்ரவரி 9

அக்கா வணக்கம். எம்பையன் கிரேட் 5. லெ மோர்ன் மலைக்குக் கீழ கடலுக்குள்ள அருவி விழுற படம் ஒண்ணு வாட்ஸ்அப்ல வந்துச்சு, அதப் பாத்துட்டு "அப்பா அந்தத் தண்ணி எங்க போகுது, கடல் காலியாயிடாதா"ன்னு ஒரே நச்சு. அவன் மாமா ஹெலிகாப்டர்ல போய்ப் பாத்தவரு, நிஜ அருவிதான்னு அடிச்சு சொல்றாரு. அதோட விட்டானா, மணல்னா பாறை உடைஞ்சு வந்ததுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க, நம்ம ஊர்ல கல்லெல்லாம் கருப்பு, மணல் மட்டும் எப்படிப்பா வெள்ளைன்னு அடுத்த கேள்வி. எனக்கு ரெண்டுக்கும் பதில் தெரியல. ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ்ல பிள்ளைங்களுக்கு நீங்க இதெல்லாம் சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன், கொஞ்சம் எழுதுங்க.

பிப்ரவரி 10, காலை

தண்ணி விழல தம்பி. ஒரு சொட்டு கூட விழல. அங்க நகர்றது மணல். மத்ததெல்லாம் மேலருந்து பாக்கிற கண்ணு தானா போட்டுக்கிற கணக்கு.

ஆனா உங்க பையன் ரெண்டாவதா கேட்டான் பாருங்க, கல்லு கருப்பு மணல் வெள்ளைன்னு, அதுதான் பெரிய கேள்வி. அதுக்குப் பதில் தெரிஞ்சா அருவிக்கும் பதில் தானா வந்துரும். சமையல் வேலை கிடக்கு, ராத்திரி எழுதுறேன்.

பிப்ரவரி 10, இரவு

மொதல்ல அந்த இடம். லெ மோர்ன் நம்ம மொரீஷியஸ் தீவோட தென்மேற்கு முனை, 556 மீட்டர் கருங்கல் மலை, 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க (அது பாறைக்காக இல்ல, தப்பிச்சு வந்து அங்க ஒளிஞ்சு வாழ்ந்த அடிமைகளோட நினைவுக்காக). மலைக்கு முன்னாடி லகூன், இடுப்பளவு கழுத்தளவு தண்ணி. அதத் தாண்டி பவளத் திட்டு, அலை உடையிற வெள்ளைக் கோடு தெரியும்ல, அது. அதுல ஒரு எடத்துல திறப்பு இருக்கு. லகூனுக்குள்ள அலை கொண்டாந்து கொட்டுற தண்ணியெல்லாம் அந்தத் திறப்பு வழியாத்தான் வெளிய போகணும், போகும்போது அடிமணலையும் இழுத்துட்டுப் போகும். வெளிய தரை சரிஞ்சு இறங்குது. மணல் அந்தச் சரிவுல கோடு கோடா படிஞ்சிருக்கு, நடுநடுவுல பவளமும் பாசியும் கருப்பா. ஆழம் கூடக்கூட நீலமும் கருத்துக்கிட்டே போகுதா, மேலருந்து பாத்தா வெள்ளை நுரையோட தண்ணி பள்ளத்துல கொட்டுறதாத்தான் தெரியும். மாமாவக் குத்தம் சொல்லாதீங்க, நான் பாத்தாலும் அப்படித்தான் தெரியும், யார் பாத்தாலும் அப்படித்தான் தெரியும்.

கரைல நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது, அதையும் பையன்கிட்ட சொல்லுங்க. நிஜ அருவின்னா பக்கவாட்டுலருந்தும் அருவியாத்தானே இருக்கணும்.

படகுல கூட்டிட்டுப் போறவங்க சில பேர் பிள்ளைங்ககிட்ட "கீழ அதல பாதாளத்துல தண்ணி கொட்டுது"ன்னு சொல்றத என் காதாலயே கேட்டேன். எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. நிஜம் இதவிட அழகா இருக்கும்போது எதுக்கு இட்டுக்கட்டணும்?

பிப்ரவரி 12

தண்ணிக்குள்ள தண்ணி விழவே விழாதான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி, ஏன்னா விழும்! மாமாவுக்கு ஒரு ஆறுதல். சுத்தி இருக்கிற தண்ணிய விட விழுற தண்ணி கனமா இருக்கணும், அவ்வளவுதான். குளுந்த தண்ணி வெதுவெதுப்பான தண்ணிய விட கனம், உப்பு கூடுனாலும் கனம். கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவுல டென்மார்க் ஜலசந்தின்னு இருக்கு, வடக்கேருந்து வர்ற கடுங்குளிர் தண்ணி அங்க ஒரு மேட்டத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற வெப்பமான தண்ணிக்கு அடியில இறங்குது. சுமார் 3,500 மீட்டர் இறக்கம், நொடிக்கு 30 லட்சம் கன மீட்டருக்கு மேல. நிலத்துல இருக்கிற எந்த அருவியும் கிட்ட வர முடியாது. ஆனா அங்க போய் நின்னா மேல வெறும் கடல்தான் தெரியும். நம்ம லெ மோர்ன்ல கண்ணுக்கு அருவி தெரியுது, தண்ணி விழல. அங்க தண்ணி விழுது, கண்ணுக்குத் தெரியல. இத கிளாஸ்ல சொன்னப்ப பிள்ளைங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

பிப்ரவரி 15, கிளாஸ் முடிஞ்சு வந்து

இன்னிக்கு மணல்.

பூதக்கண்ணாடி ஒண்ணு, சாப்பாட்டு வினிகர் கொஞ்சம், ரெண்டு தட்டு. ஒரு தட்டுல ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரை வெள்ளை மணல், செருப்புல ஒட்டிட்டு வந்ததுதான், ஒரு சிட்டிகை. இன்னொண்ணுல ஆறு கடல்ல சேர்ற எடத்துல கிடக்குற கருப்பு மணல். ரெண்டுலயும் வினிகர் விட்டோம். கருப்பு சும்மா நனைஞ்சு கிடந்துச்சு. வெள்ளை சர்ருனு நுரைச்சிருச்சு, சின்னச் சின்னக் குமிழியா மேல வந்து வந்து உடையுது, காது கிட்ட வச்சா சத்தம் கூடக் கேக்குது. நுரைச்சா அது சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட், வினிகர்ல இருக்கிற அமிலம் பட்டா கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும்.

அப்புறம் கண்ணாடி வச்சு வெள்ளை மணலப் பாத்தாங்க. உருண்டை உருண்டையா ஒண்ணும் இல்ல. ஒண்ணு ஊதா நிறத்துல குச்சி, கடல் முள்ளியோட முள்ளு உடைஞ்சது. ஒண்ணு துளைத்துளையா பவளத் துண்டு. ஒண்ணு சிப்பி ஓட்டோட விளிம்பு, இன்னும் பளபளப்பு போகல. ஒண்ணு சுருள் சுருளா அறை அறையா ஒரு ஓடு, குண்டூசித் தலையளவு கூட இல்ல, ஒரே ஒரு செல் இருக்கிற ஜீவன் கட்டுன வீடு அது. ஒரு பொண்ணு "மிஸ், இது எல்லாமே யாரோவா?"ன்னு கேட்டா. ஆமாம்மா, எல்லாமே யாரோ.

இதுதான் உங்க பையனுக்குப் பதில் தம்பி. ஸ்கூல்ல சொன்னது பொய் இல்ல, உலகத்துல முக்கால்வாசி எடத்துல மணல் பாறையிலருந்துதான் வருது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். அங்க தாமிரபரணி கொண்டு வர்ற மணல்ல வெங்கச்சங்கல்தான் நிறைய, அதாவது குவார்ட்ஸ். மலைல இருக்கிற பாறைல குவார்ட்ஸ் இருக்கு, மத்ததெல்லாம் மழைல கரைஞ்சு மக்கி மண்ணாப் போனாலும் குவார்ட்ஸ் மட்டும் அசையாது, உருண்டு உருண்டு கடலுக்கு வந்து சேரும். மொரீஷியஸ் கல்லு பசால்ட், எரிமலைக் குழம்பு உறைஞ்சது. அதுல குவார்ட்ஸ் கிடையாது. அது மக்குனா சிவப்புக் களிமண்ணாத்தான் ஆகும், நம்ம கரும்புத் தோட்டத்து மண்ணு. அதனால இந்தத் தீவோட கல்லுலருந்து வெள்ளை மணல் வரவே வராது. வந்ததெல்லாம் கடல்ல வாழ்ந்த உயிருங்களோட எலும்பும் ஓடும்.

பிப்ரவரி 16

நேத்து ஒண்ண விட்டுட்டுப் போக மனசில்ல. கிளிமீன்.

பச்சையும் நீலமுமா, வாய் கிளி மூக்கா இருக்கும்ல, இங்க கத்தோங்கிறாங்க. அது பவளப் பாறைய அப்படியே கடிச்சுத் திங்குது. அதுக்கு வேண்டியது பாறைமேலயும் பாறைக்குள்ளயும் இருக்கிற பாசி. தொண்டையில இன்னொரு செட் பல்லு, அதுல சுண்ணாம்ப அரைச்சு மாவாக்கி, பின்னாடி மணலா விட்டுரும். ஒரு பெரிய மீன் வருஷத்துக்கு நூத்துக்கணக்கான கிலோ மணல் போடும்னு கணக்குப் பண்ணியிருக்காங்க. கிளாஸ்ல இத சொன்னதும் ஒரு பையன் எழுந்து "அப்ப டூரிஸ்ட் எல்லாம் மீன் கக்கால படுத்திருக்காங்களா மிஸ்"ன்னான். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவன் சொன்னது சரிதானே, கொஞ்சமாவது.

ப்ளூ பே கடல்ல முகமூடி மாட்டிட்டு தண்ணிக்குள்ள தலைய விட்டீங்கன்னா அந்த மீன் கடிக்கிற சத்தம் கறுக் கறுக்னு நல்லாக் கேக்கும். பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க.

முன்னாடியெல்லாம் வீடு கட்ட லகூன்லருந்துதான் மணல் அள்ளுவாங்க, படகு படகா. 2001ல அத நிறுத்திட்டாங்க. இப்ப கருங்கல்ல மிஷின்ல உடைச்ச ரொக் சாண்ட்தான். அள்ளுனது எத்தனை காலத்து மீனும் முள்ளியும் சேத்து வச்சதுன்னு நெனச்சுப் பாருங்க, நிறுத்துனது எவ்வளவு நல்ல காரியம்.

பிப்ரவரி 20

"லகூன் பச்சை கலந்த நீலம், வெளிக்கடல் கரு நீலம், ஆனா டம்ளர்ல எடுத்தா தண்ணிக்கு நிறமே இல்லையே, ஏன்?" இது பையன் கேட்டதா அப்பா கேட்டதா தெரியல, யார் கேட்டா என்ன.

சூரிய வெளிச்சத்துல எல்லா நிறமும் இருக்கு. தண்ணி மொதல்ல சிவப்ப முழுங்கும். பத்து மீட்டர் இறங்குறதுக்குள்ள சிவப்புல பெரும்பகுதி காலி. அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், பச்சை இன்னும் கொஞ்சம் தாங்கும், நீலந்தான் ரொம்பக் கீழ வரைக்கும் போகும். டம்ளர்ல பத்து சென்டிமீட்டர் தண்ணிதான், முழுங்குனதே தெரியாது. லகூன்ல வெளிச்சம் மூணு நாலு மீட்டர் இறங்கி வெள்ளை மணல்ல பட்டுத் திரும்ப மேல வருது, சிவப்பு மட்டும் கொஞ்சம் குறைஞ்சு போச்சு, மிச்சம் பச்சையும் நீலமும், அதான் அந்த நிறம். வெளிக்கடல்ல அடியில பட்டுத் திரும்பி வர அடியே இல்ல, தண்ணிலயே சிதறித் திரும்புற நீலம் மட்டுந்தான் நம்ம கண்ணுக்கு.

அதாவது மணல் வெள்ளையா இல்லாம கல்லோட நிறத்துலயே இருந்திருந்தா இந்த லகூன் இந்த நிறத்துல இருந்தே இருக்காது. போஸ்ட் கார்டுல வர்ற நிறம் கிளிமீனும் முள்ளியும் போட்ட நிறம்.

200 மீட்டருக்குக் கீழ செடியோ பாசியோ உணவு தயாரிக்கிற அளவுக்கு வெளிச்சம் கிடையாது. 1,000 மீட்டருக்குக் கீழ சூரியனே கிடையாது, அங்க வெளிச்சம் வேணும்னா மீனு தானே உண்டாக்கிக்கணும், நிறைய மீனு உண்டாக்கிக்கவும் செய்யுது.

பிப்ரவரி 22

சிவப்பு காணாமப் போகும்னு எழுதுனத நம்ப முடியலன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. என் கொழுந்தனார் கதையச் சொல்றேன். அவர் ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக்ல ஸ்கூபா டைவிங் போவார், அங்க கதீட்ரல்னு ஒரு குகை, இருபது மீட்டருக்கு மேல ஆழம். தைப்பூசத்துக்கு அப்புறம் போனப்ப கையில கோயில் கயிறு, நல்ல ரத்தச் சிவப்பு. இறங்க இறங்க அது பழுப்பாச்சு, அப்புறம் சாம்பல், அப்புறம் கருப்புன்னே சொல்லலாம். பயந்துட்டார், சாயம் போச்சோன்னு. டார்ச் அடிச்சார். பளிச்சுனு அதே சிவப்பு. டார்ச்ச அணைச்சதும் திரும்ப கருப்பு. கயிறுல நிறம் எங்கயும் போகல, அதுமேல பட்டுத் திரும்ப சிவப்பு வெளிச்சந்தான் அங்க வந்து சேரல.

வியே ரூஜ் மீன் வாங்கும்போது நெனச்சுப் பாருங்க, மார்க்கெட்ல அப்படிச் சிவக்கச் சிவக்க இருக்கே, எல்லா எதிரிக்கும் தெரியாதான்னு. ஆழத்துல அது கருப்பு. சிவப்பா இருக்கிறதுதான் அதுக்கு மறைவு.

பிப்ரவரி 28

இன்னிக்கு இந்தியால அறிவியல் தினம், அதனால இத இன்னிக்கே எழுதணும்னு வச்சிருந்தேன். வானத்தோட நீலம் கடல்ல பட்டுத்தான் கடல் நீலமா தெரியுதுன்னு புத்தகத்துல இருக்கேன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. அப்படித்தான் லார்ட் ரேலேவே சொன்னார், சின்ன ஆளு இல்ல, நோபல் பரிசு வாங்குனவர். அத இல்லன்னு காட்டுனவர் நம்ம திருச்சிக்காரர், சி.வி. ராமன். 1921ல இங்கிலாந்துலருந்து நர்க்குண்டாங்கிற கப்பல்ல திரும்பும்போது மத்தியதரைக் கடலோட நீலத்தப் பாத்து அசந்து போனார். எல்லாரும் அசந்து போவாங்க, இவர் சட்டைப் பையிலருந்து நிக்கோல் பட்டகத்த எடுத்தார். அது வழியாப் பாத்தா தண்ணிமேல பட்டு வர்ற வானத்துப் பிரதிபலிப்ப வெட்டி விட்டுரலாம். வெட்டுனார். நீலம் குறையல, இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. அப்ப அது தண்ணிக்குள்ளருந்து வருதுன்னு கப்பல்லயே கட்டுரை எழுதி, பம்பாய் வந்ததும் நேச்சர் பத்திரிகைக்கு அனுப்பிட்டார். வெளிச்சம் மூலக்கூறுல பட்டு எப்படிச் சிதறுதுன்னு அங்க பிடிச்ச பிடிதான், 1928 பிப்ரவரி 28ல ராமன் விளைவா வந்து முடிஞ்சுது. 1930ல நோபல்.

ராமன் சிதறலத்தான் அழுத்திச் சொன்னார். நான் 20ஆம் தேதி எழுதுன மாதிரி, தண்ணி சிவப்ப முழுங்குறதும் சேந்துதான் அந்த நீலம். ரெண்டும் வேணும். மேகமூட்டத்தன்னிக்கு கடல் சாம்பலாத் தெரியுதேன்னா, அது மேல்பரப்புல பட்டு வர்றது, அது உண்மைதான், ஆனா அது வெறும் மேல் பூச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, ஊருக்குத் திரும்புற களைப்புல இருக்கிற மனுஷன் பையில பட்டகத்த வச்சிருந்தார்ங்கிறதுதான்.

மார்ச் 1

கல்லுக்கு வருவோம். வீட்டுல பழைய அம்மி இருந்தா எடுத்துப் பாருங்க, இங்க ரோஸ் காரிம்பாங்க, மசாலா அரைக்கிற கல்லு. அந்தக் கால வீட்டுலயெல்லாம் பசால்ட்தான். எங்க மாமியாரோட அம்மி நடுவுல தேஞ்சு வழவழன்னு, ஓரத்துல மட்டும் பொத்தல் பொத்தலா இருக்கும். அந்தப் பொத்தல் எல்லாம் குழம்பா இருந்தப்ப உள்ள மாட்டிக்கிட்ட வாயுக் குமிழி. மேல வரும்போது அழுத்தம் குறைஞ்சு குமிழி விடும், அதுக்குள்ள கல்லு இறுகிடுச்சுன்னா பொத்தல் அப்படியே நின்னுரும். வெயில்ல திருப்புனா சில கல்லுல பச்சையா மினுக்குற பொடி தெரியும், ஒலிவின்னு ஒரு கனிமம், பூமிக்கு அடியிலருந்து அந்தக் குழம்போட வந்தது. நம்ம வீட்டு சமையக்கட்டுல!

இந்தக் கல்லு எங்கருந்து? இப்ப ரீயூனியன் தீவுல பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை அடிக்கடி வெடிக்குதே, 2007ல குழம்பு கடல் வரைக்கும் ஓடுச்சே, அதுக்கு அடியில பூமிக்குள்ள ஒரு வெப்பப் புள்ளி இருக்கு. புள்ளி ஏறக்குறைய நின்ன எடத்துலயே நிக்குது, மேல இருக்கிற பூமித் தட்டு நகருது. தையல் மிஷின்ல ஊசி அதே எடத்துலதான் குத்தும், துணிதான் நகரும், தையல் வரிசையா விழும்ல, அதேதான். மொதல் தையல் இந்தியாலயே விழுந்துச்சு, சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி, மகாராஷ்டிரா பக்கம் தக்காணத்துக் கருங்கல் அத்தனையும் அதுதான். அப்புறம் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், அப்புறம் சுமார் 80, 90 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மொரீஷியஸ், கடைசியா ரீயூனியன். மும்பைக்குப் பக்கத்து மலையும் நம்ம வீட்டு அம்மியும் ஒரே அடுப்புல வந்ததுங்கிறேன். காவடி எடுத்து கோர் தெ கார்த் மலைக் கோயில் படி ஏறுறீங்களே, அந்த மலை இந்தத் தீவ உண்டாக்குன மொதப் பெரிய எரிமலையில மிச்சம் நிக்கிற துண்டு.

சமாரெல் ஏழு நிற மண்ணும் இதே பசால்ட் மக்குனதுதான். மழை மத்ததக் கழுவிட்டுப் போக இரும்பும் அலுமினியமும் தங்கிருச்சு, சிவப்பும் பழுப்பும் ஊதாவும் அதோட வேலை.

மார்ச் 3

வரும்னு எதிர்பாத்தேன், வந்துருச்சு. "அக்கா, மொரீஷியஸ்ல 300 கோடி வருஷக் கல்லு கண்டுபிடிச்சாங்களே, அது குமரிக்கண்டம்தானே?"

கண்டுபிடிச்சது உண்மை. 2013ல கடற்கரை மணல்லயும், 2017ல பாறைக்குள்ளயே வச்சும், சிர்கான்ங்கிற கண்ணுக்குத் தெரியாத அளவு மணி. வயசு பாத்தா சிலது 300 கோடி வருஷம். தீவுக்கு வயசு ஒரு கோடி கூட இல்ல. அப்ப எரிமலைக் குழம்பு மேல வரும்போது அடியில புதைஞ்சு கிடக்கிற ஒரு பழைய கண்டத் துண்டச் சுரண்டிட்டு வந்திருக்குன்னு சொல்றாங்க, அதுக்கு மொரீஷியான்னு பேர் வச்சிருக்காங்க. ஆனா அந்தத் துண்டு உடைஞ்சு போனது இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிஞ்ச காலம், எட்டு கோடி வருஷத்துக்கு மேல. நம்ம மனுஷ இனத்துக்கே வயசு மூணு லட்சம் வருஷந்தான். அப்ப டைனோசர் இருந்துச்சு, தமிழ்ச் சங்கம் இருக்க முடியாது.

குமரிக்கண்டத்தோட சேத்துச் சொல்ற லெமூரியாங்கிற பேரு 1864ல பிலிப் ஸ்கிளேட்டர்னு ஒரு ஆங்கிலேயர் வச்சது, மடகாஸ்கர்லயும் இந்தியாலயும் லெமூர் வகைப் பிராணிக்குச் சான்று எப்படி இருக்குன்னு விளக்க. கண்டங்களே நகருதுன்னு தெரிஞ்ச பிறகு அந்த விளக்கம் தேவைப்படல.

ஆனா கடல் நிலத்தக் கொண்டதுன்னு நம்ம பாட்டுல இருக்கே, அத நான் தூக்கி எறியல. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி கடல் மட்டம் இப்ப இருக்கிறத விட 120 மீட்டர் போல கீழ இருந்துச்சு, தமிழ்நாட்டுலருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகி கடல் ஏறுனப்ப கரையோரம் நிறைய உள்ள போச்சு, அது நிஜம். ஒரு கண்டம் போகல, கரை போச்சு. எனக்கு அதுவே போதும், பெருசாத்தான் இருக்கு.

இத வச்சு சண்டை போடாதீங்க, பிள்ளைங்க படிக்கிறாங்க.

மார்ச் 5

முன்ன எழுதுன தையல் வரிசையத் திரும்பப் படிச்சப்ப பவளத்தோட அது எப்படி ஒட்டுதுன்னு சொல்லாம விட்டா அரைகுறையா இருக்கும்னு தோணுச்சு. டார்வின் இங்க வந்திருக்கார், 1836 ஏப்ரல் கடைசியில பீகிள் கப்பல்ல போர்ட் லூயி, மே 9 கிளம்பிட்டார். லெ பூஸ் மலை ஏறுனார், யானை மேல கூடப் போனார். நாடு கடத்தி இங்க கொண்டாந்த இந்தியக் கைதிங்க ரோடு போட்டதப் பத்தியும் எழுதி வச்சிருக்கார். அப்பதான் அவர் மனசுல பவளத் தீவு எப்படி வருதுங்கிற எண்ணம் ஓடிட்டிருந்துச்சு. எரிமலைத் தீவு மொதல்ல உயரமா நிக்கும், கரையோரமா பவளம் வளரும். தீவு மெல்ல மெல்ல இறங்கும், பவளம் வெளிச்சத்துக்காக மேல மேல வளரும். கடைசியில தீவு முழுக்கக் கடலுக்குள்ள போயிரும், பவள வளையம் மட்டும் மிஞ்சும். 1952ல பசிபிக்ல எனிவெடாக் பவளத் தீவுல துளை போட்டப்ப 1,200 மீட்டருக்கு மேல சுண்ணாம்பத் தாண்டித்தான் எரிமலைக் கல்லு வந்துச்சு. டார்வின் செத்து எழுபது வருஷம்.

இப்ப வரிசையத் திரும்பப் பாருங்க. ரீயூனியன் இன்னும் எரியுது, பவளம் மேற்குக் கரையில கொஞ்சமாத்தான் இருக்கு. மொரீஷியஸ் அணைஞ்சிருச்சு, சுத்தி 150 கிலோமீட்டர் பவளத் திட்டு. மாலத்தீவுல மலையே இல்ல, வளையம் மட்டும். ஒரே கதையோட மூணு வயசு, ஒரே கடல்ல.

சுயாக் பக்கம் கிரி-கிரியில ஏன் திட்டு இல்லன்னு கேக்காதவங்களுக்கும் சொல்லிடறேன். அந்த ஓரத்துல பவளத் தடுப்பு விட்டுப் போயிருக்கு, அலை நேரா வந்து கருங்கல்ல மோதுது. அங்க நின்னு ஒரு தடவ அந்தச் சத்தத்தக் கேட்டா, மத்த எடத்துல திட்டு நமக்கு என்ன செய்யுதுன்னு யாரும் விளக்க வேண்டியதில்ல.

மார்ச் 9

பவளம் செடியா, கல்லா, பிராணியான்னு நேத்து கிளாஸ்ல ஓட்டெடுப்பு. கல்லு ஜெயிச்சுது. அது பிராணி. ஜெல்லி மீனுக்குச் சொந்தக்கார இனம். குட்டிக் குட்டி ஜீவன், வாயச் சுத்தி கை, தான் சுரக்கிற சுண்ணாம்புக் கிண்ணத்துல உக்காந்திருக்கு. அதோட சதைக்குள்ள பாசி குடியிருக்கு, வெளிச்சத்த வச்சு சக்கரை செஞ்சு குடுக்குது, பவளத்துக்கு வேண்டிய சக்தியில பெரும்பங்கு அதுலருந்துதான். பவளத்துக்கு நிறம் குடுக்கிறதும் பெரும்பாலும் அந்தப் பாசிதான்.

கோடைல வழக்கமா இருக்கிற உச்ச சூட்ட விட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் அப்படியே நின்னுச்சுன்னா பவளம் பாசிய வெளிய தள்ளிரும். சதை கண்ணாடியா இருக்கும், உள்ள வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். வெளிறிப் போச்சுங்கிறது அதுதான். உடனே சாகாது, தண்ணி குளுந்தா பாசி திரும்ப வரலாம், இல்லன்னா பட்டினியில செத்துரும். 1998, 2016, அப்புறம் 2024ல இப்படி ஆச்சு. வெளிறின திட்டு மேல ஒரு தடவ நான் நீந்தியிருக்கேன். பாக்க அழகாத்தான் இருந்துச்சு, கூட வந்த சின்னப் பிள்ளைங்க "பனி, பனி"ன்னு கத்துனாங்க, எனக்கு முகமூடிக்குள்ள அழுகை வந்துருச்சு. அடுத்த தடவ போனப்ப அது மேல பழுப்புப் பாசி மூடியிருந்துச்சு. மீனும் குறைஞ்சு போச்சு.

ஊரிலருந்து ஒருத்தர் மன்னார் வளைகுடா பத்திக் கேட்டிருக்கார். அங்கயும் இதே பாடுதான். எங்க பக்கம் ஒரு காலத்துல பவளக் கல்ல வெட்டி வீடு கட்டுவாங்க, தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்கிற சர்ச்சு சுவரத் தொட்டுப் பாருங்க, கல்லுல பூப்பூவா வரி இருக்கும், ஒவ்வொரு பூவும் ஒரு ஜீவன் இருந்த எடம்.

மார்ச் 14

வாக்வாத் தம்பி பையனக் கூட்டிட்டுப் போறேன், என்னென்ன எடுத்துக்கணும்னு கேட்டிருக்கார். தண்ணி வத்துற நேரம் பாத்துப் போங்க, காலைல வெயில் ஏறுறதுக்குள்ள. பூதக்கண்ணாடி, சின்னப் பாட்டில்ல வினிகர், இல்ல எலுமிச்சம்பழம் ஒண்ணு, அதுவும் நுரைக்கும், ஒரு மூடி போதும். சோதனைய அங்கயே கரைல வச்சுப் பண்ணிட்டு அங்கயே விட்டுட்டு வாங்க, மணலோ பவளமோ வீட்டுக்கு அள்ளிட்டு வர்றது சட்டப்படி குத்தம், பையனுக்கும் அதச் சொல்லுங்க. சிவப்பு ரிப்பன் ஒண்ணும் கொண்டு போங்க, லகூன் ஆழத்துல கருக்காது, ஆனா கொஞ்சம் மங்குறது முகமூடி வழியா தெரியும்.

தண்ணில நிக்கும்போது அவன் காலப் பாக்கச் சொல்லுங்க, தரை நிஜத்த விட கிட்ட இருக்கிறதாத் தெரியும். வெளிச்சம் தண்ணிலருந்து வெளிய வரும்போது வளையுது, நாலு மீட்டர் ஆழம் மூணு மீட்டராத் தெரியும். ரொட்ரீக்ஸ்ல திட்டு மேல நடந்து ஆக்டோபஸ் குத்துற பெண்கள், தெரியிற எடத்துக்குக் கொஞ்சம் கீழதான் குறி வைப்பாங்க.

ஷூ போடாம இறங்க விடாதீங்க, கல்லு மேல கை ஊணவும் விடாதீங்க. லாஃப் மீன் கல்லோட கல்லா கிடக்கும், முதுகு முள்ளுல விஷம். மிதிச்சுட்டா கை தாங்குற அளவு சுடுதண்ணில கால முக்கி வைங்க, சூட்டுல வலி குறையும், தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருங்க. ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி எடுத்துட்டுப் போறது நல்லது, ஒண்ணும் ஆகலன்னா டீ போட்டுக்கலாம்.